நம்ம இணையதளத்துக்கு யார் சாட்சி சொல்றாங்க?



கம்பு மாவு, மசாலாப் பொடி விற்க நம் கூட்டமைப்பு இணையதளம் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். கூகுளில் தேடினால் அது முன்னால் வரவில்லை. "பத்தாயிரம் கொடுங்க, ஆயிரம் இணைப்பு போட்டுத் தர்றோம்" என்று ஒருவர் போனில் சொன்னார். தீர்மான நோட்டில் எழுதப் போன நேரத்தில்தான் கொஞ்சம் பொறுங்க என்றோம்.

இணைப்பு என்பது, வேறொருவர் தளத்தில் நம் பெயரைத் தொட்டால் நம் பக்கம் திறப்பது. 1998-ல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் இதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். எல்லாச் சாட்சியும் சமமில்லை. புதுசா ஒருத்தங்க குழுவில் சேர வந்தால், பத்து வருஷம் ஒழுங்கா சேமிப்பு கட்டினவங்க "நல்லவங்க" என்றால் நம்புகிறோம். முன்பின் தெரியாத நாற்பது பேர் வந்து சொன்னால் சந்தேகம்தானே வரும்? அதோடு, ஒரே பக்கம் ஆயிரம் பேரைக் காட்டினால் அதன் மதிப்பும் ஆயிரமாகப் பிரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைக்கு, சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருந்தன. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியே கொண்டுவந்தது. பயணப் பெட்டிக்கான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. பெரிய கம்பெனி, தாங்கியிருக்கும். நமக்குப் பத்தாயிரம் என்பது ஒரு உறுப்பினரின் உள்கடன். 2012 ஏப்ரலில் இருந்து, இப்படிப்பட்ட இணைப்புகளைப் பிடிக்க கூகுள் தனி ஏற்பாடே செய்துவிட்டது.

அப்போ என்ன செய்வது? கண்காட்சியில் கடை போட்டால், நடத்துகிறவர்களின் பக்கத்தில் நம் தள முகவரியையும் சேர்க்கச் சொல்லலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம், நாமும் வாடகை கொடுத்துத்தானே கடை போடுகிறோம்! அதைவிட முக்கியம், அடுத்தவர் தானாக எடுத்துக் காட்டும்படி ஏதாவது எழுதுவது. அரைத்த கம்பு மாவு ஏன் சீக்கிரம் கசக்கிறது என்று வாங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல், அரைத்ததும் அது கெட ஆரம்பிக்கும். வறுத்து அரைத்தால் கூட நாள் வரும் என்பது நம் பெண்களுக்குக் கைப்பழக்கம். இதை நல்ல படத்தோடு போட்டால் சமையல் எழுதுகிறவர்கள் நம்மைக் காட்டுவார்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

அந்தத் தீர்மானம் எழுதப்படவில்லை. கம்பு அரைக்கும் குழுக்கள், எத்தனை நிமிஷம் வறுக்கிறீங்க, எத்தனை நாள் தாங்குதுன்னு அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாங்க.