இருபத்தொரு வயதுக்குப் பிறகு

சிங்கப்பூரில் ஓர் இளையர் எப்போது பெரியவராகிறார்? சட்டம் இதற்கு ஒரே விடை தருவதில்லை. 16 வயதில் மத்திய சேமநிதிப் பணத்தைத் தமக்குப் பின் யார் பெறவேண்டும் என்று நியமிக்கலாம். 18 வயதில் வாகன உரிமம் எடுக்கலாம். 2009 மார்ச் முதல், அந்த வயதிலேயே பெரும்பாலான ஒப்பந்தங்களிலும் கையொப்பமிடலாம். ஆனால் வாக்களிக்கவும், உயில் எழுதவும், பெற்றோர் சம்மதமின்றித் திருமணம் செய்யவும் 21 வயது நிரம்பவேண்டும்.

அந்தப் பிறந்தநாளில் இன்னொன்றும் நிகழ்கிறது. பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை பெற்றோரைவிட்டு நீங்குகிறது. கேக் வெட்டும் மகிழ்ச்சியில் இதைப் பலரும் கவனிப்பதில்லை.

இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகளுக்கு 21 வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மகனுக்கு 20 வயது. அவனுக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு. ஒருநாள் இரவு உணவின்போது, "அம்மா, நான் நீண்டகால அதிகாரப் பத்திரம் செய்யப்போகிறேன்," என்றாள் மகள்.

"வாயில் நல்ல வார்த்தை வராதா உனக்கு? அதெல்லாம் வயதானவர்கள் செய்வது," என்று அம்மா கடிந்துகொண்டார்.

அம்மாவின் பதற்றம் இயல்பானதே. ஆயினும், விபத்து வயது பார்த்து வருவதில்லை. 21 வயதைத் தாண்டிய ஒருவர் நினைவிழந்து கிடந்தால், பெற்றவர்கள் என்பதற்காக வங்கி அவருடைய பணத்தை எடுக்கவிடாது. பெற்றோர் நீதிமன்றத்தை நாடவேண்டியிருக்கும். அதற்குச் செலவும் காலமும் பிடிக்கும்.

2010-இல் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம் இதற்கு வழி செய்கிறது. தெளிவான மனநிலையில் இருக்கும்போதே, பிற்காலத்தில் தமக்காக முடிவெடுக்கத் தாம் நம்பும் ஒருவரை நியமித்து வைக்கலாம். பணப் பொறுப்பை ஒருவரிடமும் நலப் பொறுப்பை இன்னொருவரிடமும் ஒப்படைக்கலாம். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ, அவர் விளங்கிக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலுமின்றிச் செய்கிறாரா என்று உறுதிசெய்த பிறகு, பத்திரம் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவாகும். மனத்திறன் இருக்கும்வரை அதை ரத்து செய்யவும் முடியும்.

மகனின் நிலை வேறு. பத்திரத்தின் பொருளை விளங்கிக்கொள்ள இயலாதவர் அதைச் செய்ய முடியாது. அதற்காக அவன் எதையும் தீர்மானிக்க இயலாதவன் என்று முடிவுகட்டக்கூடாது. ஒவ்வொருவருக்கும் மனத்திறன் உண்டு என்றே சட்டம் முதலில் கருதுகிறது. பிறர் கண்ணுக்கு அறிவற்றதாகத் தோன்றும் முடிவை ஒருவர் எடுத்தார் என்பதற்காக மட்டும் அவரைத் திறனற்றவர் எனக் கூறமுடியாது. எளிய சொற்களாலோ படங்களாலோ விளக்கிப் பார்க்கவேண்டும்.

அதன் பிறகும் இயலாத முடிவுகளுக்கே நீதிமன்றப் பிரதிநிதி தேவை. மருத்துவ அறிக்கையுடன் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். மகனுக்கு 21 வயது ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவ்வாறு நியமிக்கப்படுபவரும் திருமணம், மதம் போன்றவற்றில் மகனுக்காக முடிவெடுக்க முடியாது.

பெற்றோர் காலத்திற்குப் பின் பொறுப்பேற்க, அடுத்த பிரதிநிதி ஒருவரையும் குறிப்பிடலாம். அம்மாவை உறங்கவிடாத கேள்வி அதுதான். "தம்பிக்கு உன் பெயரைப் போடலாமா, கண்ணு?" என்று மறுநாள் மகளிடம் கேட்டார்.

மகள் உடனே பதில் சொல்லவில்லை. பிரதிநிதி என்பது பெயரளவிலான பதவியன்று; பொதுக் காப்பாளரிடம் கணக்கும் அறிக்கையும் கொடுக்கவேண்டும். வேலைக்காக வெளிநாடு செல்லும் ஆசையும் அவளுக்கு இருந்தது. மறுக்க அவளுக்கு முழு உரிமை உண்டு.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவிடம் வந்தாள். "நான் யோசித்துவிட்டேன், அம்மா. ஆனால் முதலில் தம்பியிடம் கேட்கவேண்டும். அவனுக்கு என்னைப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லையே," என்றாள்.