குழந்தைகளின் ஜுரமும் அதன் நாட்கணக்கும்

காஞ்சீபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பத்திற்குத் தறியும் வீடும் வேறல்ல. கோர்வைச் சேலைக்கு நெய்பவர் ஒருவர் போதாது. கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் மற்றொருவர் வேண்டும். குழந்தைக்கு ஜுரம் கண்டு இவர்களில் ஒருவர் எழுந்தால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். ஆகவே, சிலர் முதல் நாள் உஷ்ணத்திற்கே அஞ்சி ஊசி போடும்படி வைத்தியரை வற்புறுத்திப் பணத்தைச் செலவிடுகிறார்கள். வேறு சிலர் சேலை முடியட்டும் என்று காத்திருந்து, குழந்தையின் உயிருக்கே அபாயத்தைத் தேடிக்கொள்கிறார்கள். ஜுரம் எவ்வாறு தோன்றி, எவ்வாறு நடந்து, எவ்வாறு தணிகிறது என்பதை அறிந்தவர்கள் இவ்விரு தவறுகளையும் தவிர்க்கலாம்.

1. ஜுரம் என்பது யாது?

ஜுரம் தனியாக ஒரு வியாதி அன்று. வியாதியின் அடையாளமே ஆகும். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து வைத்தியப் பேராசிரியராயிருந்த கார்ல் உண்டர்லிக் என்பார், சுமார் 25,000 நோயாளிகளின் உஷ்ணத்தை அளந்து குறித்து, இவ்வுண்மையை 1868-ல் ஒரு நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வியாதியிலும் ஜுரம் ஏறி இறங்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதும் அவர் காட்டியதே.

கிருமிகள் உட்புகுந்தால் அவற்றை எதிர்க்கும் பொருட்டு உடல் தானே தன் உஷ்ணத்தை உயர்த்துகிறது. 100.4 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் ஜுரம் எனலாம். மாலையில் உஷ்ணம் சற்று ஏறுவது இயல்பு. டிகிரியின் உயரத்தைக் கொண்டு மட்டும் வியாதியின் கடுமையை மதிப்பிடலாகாது. 103 டிகிரியிலும், ஜுரம் சற்றுத் தணிந்தபோது சிரித்து விளையாடும் குழந்தையைவிட, 101 டிகிரியில் துவண்டு கிடந்து, பால் குடிக்க மறுக்கும் குழந்தையே அதிகக் கவலைக்குரியது.

2. நாட்கணக்கு

சங்கத்தில் பட்டும் ஜரிகையும் எடை பார்த்து வாங்கும்போது கணக்கில் பதிகிறோம். அவ்வாறே ஜுரம் கண்ட நாளையும், நேரத்தையும், காலை மாலை உஷ்ணத்தையும், கொடுத்த மருந்தையும், சிறுநீர் கழித்த வேளையையும் ஒரு தாளில் குறித்துவர வேண்டும். ‘இது எத்தனையாவது நாள்?’ என்பதே வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி.

சளியோடு வரும் சாதாரண ஜுரம் பெரும்பாலும் மூன்று நாட்களில் தணியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள சிலருக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஜுரம் காய்ந்து, அது விட்டபின் உடலில் செந்நிறப் பொரிகள் தோன்றி மறையும், இது தீங்கற்றது. தட்டம்மையிலோ, இருமல், சளி, சிவந்த கண்கள் ஆகியவற்றோடு ஜுரம் கண்டு, சுமார் நான்காம் நாளில் காதின் பின்புறம் தொடங்கிப் பொரிகள் பரவும். ஜுரம் அப்போதும் தணியாது. இதற்கு வைத்தியம் அவசியம். ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போடப்படும் தடுப்பூசி இதைத் தடுக்கும்.

மூன்று நாட்களுக்கு மேல் ஜுரம் நீடித்தால் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.

3. ஜுரம் தணியும் நாளில் எச்சரிக்கை

தமிழ்நாட்டில் 2012-லும் 2017-லும் மிகுதியாகப் பரவிய டெங்கு ஜுரத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஏனைய ஜுரங்களில் உஷ்ணம் இறங்கினால் ஆறுதல். டெங்குவிலோ, மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் உஷ்ணம் இறங்கும் சமயமே அபாயத்தின் தொடக்கமாகலாம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவதே இதற்குக் காரணம். அதன்பின் ஒன்றிரண்டு நாள் வரை, கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், அமைதியின்மை, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று காணினும் தாமதியாமல் ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். ‘ஜுரம் விட்டுவிட்டதே’ என்று தறியில் அமர்ந்துவிடலாகாது.

இக்கொசு தெளிந்த நீரில் முட்டையிட்டுப் பகலில் கடிப்பது. ஆகையால் பகலிலும் தொட்டிலுக்கு வலை கட்டுக. தண்ணீர்த் தொட்டிகளையும் குடங்களையும் வாரம் ஒருமுறை வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வைக்குக.

4. வீட்டில் செய்யத்தக்கவை

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்னும் வழக்கு குழந்தைகளுக்குப் பொருந்தாது. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. வளர்ந்த குழந்தைகளுக்குக் கஞ்சி, இட்லி, மோர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

கம்பளி போர்த்தலாகாது, மெல்லிய ஆடையும் காற்றோட்டமுமே நல்லவை. குளிர்ந்த நீரை ஊற்றலாகாது. குழந்தை வேதனைப்பட்டால் பாரசிட்டமால் கொடுக்கலாம்: உடல் எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேற்படலாகாது. புட்டிக்குப் புட்டி மருந்தின் பலம் வேறுபடுமாதலால், மேலே எழுதியிருப்பதைப் படித்தபின்னரே அளக்க வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சிலருக்கு ஜுரத்தில் வலிப்பு வருவதுண்டு. குழந்தையை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. கையில் சாவி கொடுப்பதாலும் பயனில்லை. சூடு போடுவது கொடுமை. பெரும்பாலும் ஐந்து நிமிஷத்திற்குள் வலிப்பு நின்றுவிடும். நின்றபின்னும் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

5. ஒரு கணமும் தாமதிக்கலாகாத குறிகள்

(அ) மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு ஜுரம்.
(ஆ) பாலோ நீரோ குடிக்க இயலாமை. குடித்த யாவும் வாந்தியாதல்.
(இ) ஐந்து நிமிஷத்திற்கு மேற்பட்ட வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், கழுத்து விறைப்பு.
(ஈ) மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதல். அல்லது நிமிஷத்திற்கு, இரண்டு மாதத்திற்குட்பட்டோருக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு.
(உ) எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை.

இவற்றில் ஒன்று கண்டால், இரவாயினும் 108 எண்ணுக்குத் தெரிவித்து வண்டி வரவழைக்கலாம்; கட்டணம் இல்லை.

சங்கந்தோறும் ஓர் உஷ்ணமானியும் சில கரைசல் பொட்டலங்களும் வாங்கி வைத்தல் பெருஞ்செலவு அன்று. ஒரு நாள் தறி நின்றால் அந்நஷ்டத்தை மறுவாரம் ஈடு செய்துகொள்ளலாம். குழந்தையை இழந்தால் அதற்கு ஈடில்லை.

கூட்டத்தில் விவாதிக்கத்தக்க கேள்விகள்

1. டெங்குவில் ஜுரம் தணியும் நாளில் ஏன் எச்சரிக்கை வேண்டும்?
2. எட்டு மாதக் குழந்தை நிமிஷத்திற்கு 54 முறை மூச்சு விடுகிறது, என் செய்வது?
3. நம் தெருவில் மூடாத தண்ணீர்த் தொட்டிகள் எத்தனை?