வெப்பம் இறைக்கும் கூலி

லண்டன் மாநகரின் வடமேற்கே, ஹாரோவுக்குச் சமீபத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர், யாழ்ப்பாணத்தார், எழுபது பிராயம் கடந்தவர், சென்ற ஜனவரி மாதத்துக் காலையொன்றில் தம் வீட்டுக் கூடத்து ரேடியேட்டரின் அருகே என்னை அழைத்துக்கொண்டுபோய், அதன்மீது உள்ளங்கையைப் பதித்துக் காட்டி, "தொட்டுப் பாரும் தம்பி, இது சுடுறதே இல்லை, கரண்டுக் காசு மட்டும் முந்தினதிலும் பார்க்கக் கூடிப் போச்சு" என்று மனம் நொந்து சொன்னார். பழைய எரிவாயுக் கொதிகலனை எடுத்துவிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கம் அளிக்கும் 7,500 பவுண்டு மானியத்தோடு, காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்ப் ஒன்றை அவர் அப்போதுதான் பொருத்தியிருந்தார்.

அவருடைய வருத்தம் நியாயமானது. பில்லில் கண்ட தொகையும் பொய்யன்று. ஆனால் அதற்கு அவர் கற்பித்துக்கொண்ட காரணங்களும், கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பிறர் அவருக்குச் சொல்லியனுப்பிய காரணங்களும் பெரும்பாலும் பிரமை. பணம் போட்டவரை வீணாகக் கலங்க வைப்பதும், போட எண்ணுகிறவரைத் தவறான கணக்கில் இறக்கிவிடுவதும் இந்தப் பிரமைகளே ஆகையால், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

நம்பிக்கை: மின்சாரத்தில் ஓடுவதால் இதுவும் ஒரு மின் ஹீட்டர்தான்.

உண்மை: மின் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தை உண்டு ஒரு யூனிட் வெப்பத்தைத் தருகிறது; அதற்குமேல் தருவதற்கு அதனால் இயலாது. ஹீட் பம்போ வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியே இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கிறது. நம் கிராமத்துக் கிணற்றில் ஏற்றம் இறைத்தவன் தண்ணீரைப் படைக்கவில்லை. கீழே கிடந்ததை மேலே கொண்டுவந்தான், அவனுக்குக் கொடுத்த கூலி அந்த உழைப்புக்கு மட்டுமே உரியது. அதேபோல இந்த யந்திரமும், குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை முதுகுப்புறத்தில் வெளியேற்றுகிற அதே முறையில், ஒரு யூனிட் மின்சாரத்தைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தை வீட்டில் சேர்க்கிறது. இது நேற்றுப் புறப்பட்ட புதுமையுமன்று. வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர், இந்தத் தத்துவத்தை 1852-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். 1951-இல் லண்டனில் திறக்கப்பட்ட ராயல் பெஸ்டிவல் ஹாலுக்கு தேம்ஸ் நதியின் நீரிலிருந்தே வெப்பம் இறைத்துப் பார்த்தார்கள்.

நம்பிக்கை: மின்சாரம் எரிவாயுவைப்போல நான்கு மடங்கு விலை, ஆகையால் இது ஒருகாலும் கட்டுப்படியாகாது.

உண்மை: முற்பாதி மெய், பிற்பாதி கணக்குப் பார்க்காமல் சொன்னது. பிரிட்டனில் 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான விலை உச்சவரம்பின்படி மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 26.35 பென்ஸ், எரிவாயு 6.29 பென்ஸ் என்று இருந்தது. கொதிகலன் தான் எரிக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்கைப் புகைக்குழாய் வழியே இழந்துவிடுகிறது என்று கொண்டால், எரிவாயுவினால் கிடைக்கும் வெப்பம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 பென்ஸ் ஆகிறது. ஹீட் பம்பின் கூலியை அறிவதற்கு 26.35-ஐ அதன் பெருக்கத்தால், அதாவது ஒன்றுக்கு எத்தனை யூனிட் வெப்பம் தருகிறதோ அந்த எண்ணால், வகுத்தால் போதும்: பெருக்கம் மூன்றானால் 8.8 பென்ஸ், மூன்றரையானால் 7.5 பென்ஸ், நான்கானால் 6.6 பென்ஸ்.

ஆண்டுக்கு 11,500 யூனிட் எரிவாயு செலவாகும் நடுத்தரக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொண்டால், வாயுவுக்கு மட்டும் 723 பவுண்டும், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் கட்டவேண்டிய 34 பென்ஸ் நிலைக்கட்டணத்தால் 124 பவுண்டும் சேர்ந்து 847 பவுண்டு ஆகும். அதே வெப்பத்தை ஹீட் பம்ப் கொண்டு பெற்றால், பெருக்கம் 2.8 ஆகும் வீட்டில் 974 பவுண்டு, 3.5 ஆகும் வீட்டில் 779 பவுண்டு. சாதாரண மின் ஹீட்டராக இருந்தாலோ 2,700 பவுண்டுக்கு மேல். இங்கே அரசாங்கம் 742 வீடுகளில் நடத்திய சோதனையில், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் யந்திரங்களின் பெருக்கம் நடுமதிப்பாகச் சுமார் 2.8 என்றே வந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆகவே, "பில் பாதியாகக் குறையும்" என்று விற்பவர் சொன்னால் அதையும் நம்பவேண்டாம்; "குடி கெட்டுப்போகும்" என்று அயலார் சொன்னால் அதையும் நம்பவேண்டாம். மேற்சொன்ன விலையில் லாபமும் நஷ்டமும் பிரியும் எல்லை, நிலைக்கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், 3.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு மேலே ஏறுவதும் கீழே விழுவதும் யந்திரத்தை அமைக்கிற விதத்தைப் பொறுத்தது.

நம்பிக்கை: கடுங்குளிரில் காற்றில் வெப்பம் ஏது? அப்போது யந்திரம் நின்றுவிடும்.

உண்மை: பூஜ்ய டிகிரி என்பது தண்ணீர் உறையும் நிலையே தவிர, வெப்பமே இல்லாத நிலை அன்று, அந்த நிலை பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியில் இருக்கிறது. இக்காலத்துப் பல யந்திரங்களில் சுழல்வது, நம் சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கும் அதே புரொப்பேன்தான். அது பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் இயல்புடையது ஆதலால், உறைபனிக் காற்றும் அதற்கு அனல்போலவே படுகிறது. பிரிட்டனைக் காட்டிலும் கொடிய குளிர் வாட்டும் நார்வேயில் பத்து வீடுகளுக்கு ஆறு வீடுகள் வீதம் ஹீட் பம்பை வைத்திருக்கின்றன. கிணறு ஆழமாக ஆக ஏற்றக்காரனுக்குக் கூலி ஏறுவதுபோல, குளிர் மிக மிகப் பெருக்கம் குறையும் என்பது வாஸ்தவமே. ஆனால் ஆண்டுச் செலவை நிர்ணயிப்பது பனிகொட்டும் நாலைந்து நாட்கள் அல்ல, ஏழெட்டு டிகிரியில் கழியும் நூற்றுக்கணக்கான நாட்களே. ஈரக்குளிர் நிறைந்த காலைகளில் வெளிப்புறப் பெட்டியின் தகடுகளில் வெண்ணிறமாகப் பனி படியும். அதை உருக்கிக்கொள்வதற்காக யந்திரம் சில நிமிஷங்கள் தன் போக்கை மாற்றிக்கொள்ளும்போது புகைபோல ஆவி கிளம்பும். அதைக் கண்டு அஞ்சித் தீயணைப்புப் படையை அழைக்கவேண்டியதில்லை.

நம்பிக்கை: ரேடியேட்டர் கையைச் சுட்டால்தான் வீடு சூடாகும், வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது அணைப்பதே சிக்கனம்.

உண்மை: என் நண்பரின் துயரத்துக்கெல்லாம் வேர் இதுவே. கொதிகலன் 60, 70 டிகிரித் தண்ணீரைக் குழாயில் அனுப்பிப் பழகிய கை, 40 டிகிரித் தண்ணீர் ஓடும் ரேடியேட்டரைத் தொட்டால் ஏமாறுவது இயற்கை. ஆனால் நமக்கு வேண்டியது கூடத்தில் இருபது டிகிரி. இரும்பில் எழுபது டிகிரி அன்று. தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று வீதம் குறைகிறது. ஏனெனில் வெளிக்காற்றின் குளிர் கிணற்றின் அடி என்றால், குழாய்த் தண்ணீரின் சூடே கிணற்றின் வாய். அடியை மாற்ற நம்மால் ஆகாது. வாயைத் தாழ்த்த ஆகும். அப்படித் தாழ்த்துவதற்குத்தான் சிறிய ரேடியேட்டர்களை எடுத்துவிட்டுப் பெரியவற்றை வைப்பதும், கூரையடியில் பஞ்சு நிரப்புவதும், ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும். ஐந்து மணிநேரம் அணைத்துவைத்து வீட்டை ஆறவிட்டு, மாலையில் அவசரமாகச் சூடேற்றச் சொன்னால், யந்திரம் தண்ணீரின் உஷ்ணத்தை உயர்த்தியே அந்த ஆணையை நிறைவேற்றும். சில வீடுகளில் துணைக்கு உள்ள சாதாரண மின்கம்பிச் சுருளும் சேர்ந்து எரியத் தொடங்கும், அப்போது அது உண்மையிலேயே மின் ஹீட்டராகிவிடும். மிதமான சூட்டில் இடைவிடாது ஓடவிடுவதே இதற்குரிய தர்மம்.

நம்பிக்கை: சமையலுக்கு மட்டும் எரிவாயு இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் என்ன நஷ்டம்?

உண்மை: நம்மவர் வீடுகளுக்கென்றே இதைத் தனியாகச் சொல்லவேண்டும். தோசைக்கல்லை எரிவாயுச் சுடரில் வைத்தால்தான் மொறுமொறுப்பு வரும் என்று அடுப்பை விடாமல் வைத்திருக்கும் வீட்டில், வாயுவின் விலையோ அற்பம். அதைக் கொண்டுவரும் இணைப்புக்குரிய 124 பவுண்டோ ஆண்டுதோறும் முழுமையாக நிற்கும். மேலே காட்டிய கணக்கில், பெருக்கம் 3.5 ஆகும் வீட்டிலேகூட, ஹீட் பம்பின் பக்கம் சேர்ந்த லாபம் 68 பவுண்டுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு சுடர் அதை விழுங்கிவிட்டு மேலும் கேட்பது விளங்கும். அடி சமமான இரும்புத் தோசைக்கல் இண்டக்ஷன் அடுப்பிலும் நன்றாகவே சூடேறுகிறது.

ஆகையினால் இந்த யந்திரத்தை வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. கையெழுத்து இடுவதற்கு முன்னால், கடுங்குளிர் நாளில் என் ரேடியேட்டருக்கு எத்தனை டிகிரித் தண்ணீர் வரும், ஆண்டு முழுவதற்கும் பெருக்கம் எவ்வளவு என்று இரண்டு எண்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் 45 டிகிரிக்கு மேல் போகும் என்றால், எந்த அறையில் ரேடியேட்டரை மாற்றவேண்டும் என்று கேளுங்கள். ஹீட் பம்ப் வைத்திருப்போருக்கென்று நாளின் சில மணிகளில் விலையைக் குறைத்துத் தரும் மின்கட்டணத் திட்டங்களும் உண்டு, அவற்றையும் விசாரியுங்கள்.

என் நண்பரின் வீட்டில் பொருத்தியவர்கள் தண்ணீரை 55 டிகிரிக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவரும் பழைய வழக்கப்படி காலையிலும் மாலையிலும் மட்டுமே அதை ஓடவிட்டிருந்தார். கூடத்து ரேடியேட்டரை மாற்றி, தண்ணீரை 42 டிகிரிக்கு இறக்கி, இரவு பகலாக ஓடவிட்டபின், ஞாயிற்றுக்கிழமைதோறும் பூஜையறையில் தொங்கும் தமிழ்க் காலண்டரில் மீட்டரின் எண்ணை நீலப் பேனாவால் குறித்துவைக்கிறார். சென்ற வாரம் நான் போயிருந்தபோது, காலண்டர் தாள்களைப் புரட்டிக் காட்டி, இந்தக் குளிர்காலத்தின் ஒவ்வொரு வாரமும் போன ஆண்டின் பில்லைவிடக் குறைந்து நிற்பதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கும்படி இம்முறை அவர் சொல்லவில்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியின்மேல் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.