நிரலின் வகைமாற்றமும் விளக்கநூலார் கடனும்

தரவுத்தளத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வகையுண்டு. இலங்கைத் தேசிய அடையாள அட்டை எண், 9 இலக்கங்களும் ஓர் எழுத்துமாய் 10 இடங்கொண்டிருந்தது. 2016இல் 12 இலக்கமாயிற்று. மாறுநீள எழுத்துவகை நிரலின் எல்லையை 10இலிருந்து 12 ஆக்குதல் போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்திற் கணப்பொழுதில் முடியும். இலக்கங்களை மட்டும் 4 பைற்று முழுவெண்ணாய் வைத்த நிரலோ 2,147,483,647 வரையே கொள்ளும். அதனை 8 பைற்றாக்கின் அட்டவணை முழுவதும் மீள எழுதப்படும். முடியுமளவும் அதனைப் படித்தலும் இயலாது. வட்டில் இருமடங்கு இடமும் வேண்டப்படலாம். கட்டளை வடிவம் இரண்டிற்கும் ஒன்றே, விளைவோ வேறு. ஆதலின் எம்மாற்றம் எளிது, எது அட்டவணையைப் பூட்டிவைப்பது என்பவற்றை வகைதோறும் பட்டியலிட்டுக் காட்டுதல் விளக்கநூலார் கடன். வடிவத்தை மட்டுங் கற்றவன், அலுவலகம் இயங்கும் நண்பகலில் அக்கட்டளையை இட்டு மக்களைக் காத்துநிற்கச் செய்வான்.