படர்தாமரைக்குச் சீமையகத்தி

மாரி மழை தொடங்கிவிட்டால் எமது குடாநாட்டுக் கமக்காரருக்கு ஈரம் காயாத நாட்களே மிகுதி. வயலிற் களை பிடுங்குவோரும், வெங்காயப் பாத்திகளிலே வேலை செய்வோரும் நனைந்த உடையுடனேயே நெடுநேரம் நிற்கின்றனர். அரையிலும் தொடையிடுக்கிலும் முதுகிலும் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, செதிலுதிர்ந்து, இரவில் உறங்கவிடாது சொறியும் படர்தாமரை பெரும்பாலும் இக்காலத்திலேயே வீட்டுக்குள் நுழைகின்றது. ஒருவருக்கு வந்தால், அவர் துடைத்த துவாயைப் பாவிக்கும் ஏனையோருக்கும் அது தொற்றும்.

இந்நோய்க்குக் காரணம் ஒருவகைப் பங்கசு ஆகும். வெங்காயத் தாளிலே ஊதாப் புள்ளி நோயை உண்டாக்குவதும் ஒரு பங்கசே என்பதைக் கமக்காரர் அறிவர். அது தாளைத் தின்று வாழ்வது போலவே, இது தோலின் மேற்படையிலுள்ள கெரற்றின் என்னும் பொருளைத் தின்று வாழ்கின்றது. வட்டத்தின் நடு ஆறிவர, வீரியமுள்ள பங்கசு விளிம்பிலே நின்று வெளிப்புறமாகப் படரும். ஆகையால் சிவந்த இடத்துக்கு மாத்திரம் மருந்து பூசி நிறுத்துவது போதாது. விளிம்புக்கு அப்பாலும் ஓர் அங்குல அகலத்துக்குப் பூசுதல் வேண்டும்.

இதற்கு எம் முன்னோர் பாவித்த மூலிகைகளுட் சீமையகத்தி முதன்மையானது. வண்டுகொல்லி என்றும் இதற்குப் பெயருண்டு. பெயரிலே அகத்தி இருப்பினும் இது நாம் கறிக்கு ஆயும் அகத்தியன்று. தகரை, ஆவரை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தமையாலேதான் சீமை என்னும் அடைமொழி பெற்றது. ஆளுயரத்துக்கு மேல் வளரும் செடி. அகத்தியிலும் பன்மடங்கு அகன்ற சிற்றிலைகள். மெழுகுதிரி நட்டாற்போல நிமிர்ந்து நிற்கும் மஞ்சட் பூங்கொத்து. நெற்றின் நீளத்துக்குச் சிறகு போன்ற விளிம்பு. இவற்றைக் கொண்டு இதனை ஐயமின்றி இனங்காணலாம்.

இலையின் குணம் வெறும் நம்பிக்கையன்று. இதில் றெயின், அலோ எமோடின், கிரைசோபனோல் முதலிய அந்திரகுவினோன் வகைப் பொருள்கள் உள்ளன. பங்கசின் வளர்ச்சியைத் தடுக்கும் தன்மை இவ்வகைப் பொருள்களுக்கு உண்டு. 1994 இல் வெளிவந்த ஆய்வொன்று, பத்தாண்டு காலம் தேமல் நோயாளரிடம் இவ்விலைச்சாற்றைப் பாவித்துப் பார்த்து, அது பயன்தருவதாகக் கூறிற்று. 1995 இல் மலேசியாவில் நடந்த ஆய்வுகூடச் சோதனையில், தோலைப் பற்றும் பங்கசுகளை இலையின் சாரம் நன்றாக அடக்கியது. ஆனால் பற்றீரியாக்கள் அதற்கு மசியவில்லை. எனவே சொறிந்து பழுத்துச் சீழ் வைத்த புண்ணுக்கு இதனை நம்பியிருத்தல் ஆகாது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் மக்களுக்கு விதந்துரைத்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. அங்கே இதற்கு அக்காபுல்கோ என்று பெயர்.

செடியில் மருந்து இருப்பது வேறு, செடியே மருந்தாவது வேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எமது வேலியோரத்து ஆமணக்கை எடுத்துக்கொள்வோம். ஆமணக்கெண்ணெயை ஆலையில் உயர்ந்த வெப்பத்திற் சிதைத்து உண்டாக்கும் அண்டெசிலினிக் அமிலம் காற்படைக்குப் பெயர்பெற்ற மருந்து. ஆயினும் எண்ணெயைப் பூசுவதால் அம்மருந்து கிடையாது. சீமையகத்தியில் அத்தொல்லையில்லை, வேண்டிய பொருள் இலையிலேயே இருக்கின்றது.

பாவிக்கும் முறை

நோயற்ற பச்சை இலையைக் கழுவி, அம்மியில் மைபோல அரைத்துக்கொள்க. தோல் வரண்டிருப்பின் சிறிது தேங்காயெண்ணெய் சேர்க்கலாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சதமளவு இடத்திற் பூசி ஒருநாள் விட்டுப் பார்க்கவேண்டும். எரிவோ கொப்புளமோ தோன்றினால் இம்மருந்து உமக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டால், நோயுள்ள இடத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக் காலையும் மாலையும் பூசுக. ஒவ்வொரு நாளும் புதிதாக அரைத்தல் நன்று. சொறி நின்றவுடன் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். அடுத்த மழைக்கு நோய் திரும்பிவிடுகின்றது. வட்டம் மறைந்தபின்னும் ஒரு கிழமையாவது பூசவேண்டும். உடுப்பையும் துவாயையும் கொதிநீரில் அவித்து வெயிலிற் காயவிடாவிட்டால் பூசிய மருந்தும் வீணே.

இலையுடன் தேசிப்புளி சேர்த்தரைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. தோட்ட வேலை செய்வோர் அவ்வாறு செய்தல் கூடாது. தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால் நெருப்புச் சுட்டதுபோற் கொப்புளித்து, பல மாதம் மாறாத கருமை படியும். வெள்ளைப்பூண்டை அரைத்துக் கட்டுவதும் அவ்வாறே தோலை வேகச்செய்யும்.

இலைச்சாற்றைக் குடித்தல் தவறு. அது கடும் பேதியை உண்டாக்கும். கருவுற்ற பெண்களுக்கு ஆபத்து. குழந்தைகளின் தலையிற் படை தோன்றி மயிர் உதிர்ந்தாலும், நகம் தடித்து நிறம் மாறினாலும், மேற்பூச்சு எதுவும் வேர்வரை சென்று சேராது. அவற்றுக்கு உட்கொள்ளும் மருந்தே வேண்டும். நீரிழிவுள்ளோர் முதல் நாளிலேயே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஏனையோரும் இரண்டு கிழமையிற் குணம் தெரியாவிட்டால் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தகுதிபெற்ற சித்த வைத்தியரிடமும் ஆலோசனை பெறலாம்.

கடைக் களிம்பு

யாம் இத்துண்டுப் பிரசுரத்தை எழுத முற்பட்டதற்கு முக்கிய காரணம் இதுவே. வெற்றாமெதசோன், குளோபெற்றசோல் முதலிய ஸ்ரீரொயிட் சேர்ந்த களிம்புகளை வைத்தியரைக் கேளாது வாங்கிப் பூசுவோர் பலர். சிவப்பும் சொறியும் இரண்டே நாளில் அடங்கும். அடங்கியது உடலின் எதிர்ப்பேயன்றிப் பங்கசு அன்று. அது மறைவாகப் படர்ந்து, வட்ட வடிவமும் இழந்து, வைத்தியரே ஐயுறும் நிலைக்கு வந்துவிடும். தொடையிடுக்கிலே தோல் மெலிந்து வெடித்த கோடுகள் பின்னர் மாறுவதில்லை. மேலும், தேர்பினபின் என்னும் சிறந்த மருந்துக்கும் பலவேளைகளில் அடங்காத திரைக்கோபைற்றன் இந்தோற்றினியே என்னும் பங்கசு 2020 இல் இனங்காணப்பட்டுப் பெயரிடப்பட்டது. இந்தியாவில் அது பெருகியதற்கு இத்தகைய களிம்புகளின் தவறான பாவனையும் ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது. குறைந்த அளவில் மருந்து விசிறி, இடையில் நிறுத்தி, பின் அதே மருந்து வேலை செய்யவில்லையென்று குறைகூறும் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்காததன்று.

தோட்டத்துக்கு வாங்கிய பங்கசுநாசினியையே தண்ணீரிற் கரைத்துத் தொடையிற் பூசியிருந்த ஒருவரையும் யான் கண்டதுண்டு. பயிருக்கான மருந்து பயிருக்கே. தோலின் வழியாக அது உடலுக்குட் செல்லும்.

மாட்டுப் பட்டியையும் பாருங்கள்

கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்குப் படர்ந்து மயிர் உதிர்ந்திருந்தால், அதுவும் இவ்வினப் பங்கசாக இருக்கலாம். பால் கறப்பவரின் கையிலும் கன்றை அணைக்கும் சிறுவர் முகத்திலும் அது தொற்றும். அக்கன்றைப் பிரித்துக் கட்டி, கால்நடை வைத்தியருக்கு அறிவிக்கவும். பங்கசின் வித்திகள் கட்டைகளிலும் மரச் சட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆதலாற் கொட்டிலைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும்.

வீட்டுக்கு ஒரு சீமையகத்தி போதுமானது. முற்றிய நெற்றிலிருந்து எடுத்த விதையைச் சுடுநீரில் ஓரிரவு ஊறவைத்து, மாரிக்கு முன் கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்காலின் கரையில் நடுக. இலையும் விதையும் கால்நடைகளுக்கு நஞ்சாதலால் ஆடு மாடு எட்டாத இடமாகப் பார்த்துக்கொள்க. நெற்று முற்றி வெடிக்குமுன் பூங்கொத்துக்களை வெட்டிவிட்டால், செடி பக்கக் கிளைவிட்டு இலை மிகுதியாகத் தரும். வேண்டாத இடத்தில் முளைத்தெழும் தொல்லையும் இராது.