புறச் சேமிப்புத் தட்டுகளும் அவற்றின் வரிசைப் பெயர்களும்

இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் தோன்றிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் பரவலாக வழங்குவதற்கு இத்திட்டமே முக்கிய காரணமாகும். இத்தகைய கணிப்பொறியுடன் வெளியிலிருந்து இணைக்கப்பெறும் சேமிப்புத் தட்டுகளைப் பிழையின்றி அடையாளங் காணும் முறை இப்பாடத்தின் பொருளாகும்.

பெயர் மாறுவதன் காரணம்

லினக்ஸின் உட்கரு, தட்டுகளைத் தான் கண்டறிந்த வரிசைப்படியே பெயரிடுகின்றது. முதலில் அகப்படுவது ‘எஸ்டிஏ’, அடுத்தது ‘எஸ்டிபி’, அதற்கடுத்தது ‘எஸ்டிசி’. சாட்டா வாயிலாக உள்ளே பொருத்தியவையும் யூ.எஸ்.பி. வாயிலாக வெளியே இணைத்தவையும் இவ்வொரே வரிசையில் இடம்பெறும். மருத்துவமனையில் நோயாளிக்கு அளிக்கப்பெறும் வரிசைச் சீட்டைப் போன்றது இப்பெயர். சீட்டின் எண், வந்த முறையைக் காட்டுமேயன்றி, வந்தவர் யார் என்பதைக் காட்டாது.

கணிப்பொறி தொடங்கும்பொழுது உட்கரு பல கருவிகளை ஏககாலத்தில் சோதிக்கின்றது. ஒரு தட்டு விரைவில் மறுமொழி தரும். மற்றொன்று சுழலத் தொடங்கவே சில விநாடிகள் ஆகும். ஆதலின் இன்று ‘எஸ்டிபி’ எனப் பெற்றது நாளை ‘எஸ்டிசி’ ஆகலாம்.

இதன் விளைவு சிறிதன்று. பள்ளி ஆய்வகம் ஒன்றில் இரு புறத்தட்டுகள் இருப்பதாகக் கொள்க. ஒன்றில் மாணவரின் ஓராண்டுப் பணி உள்ளது. மற்றொன்று, புதிய மென்பொருட் படிமத்தை எழுதுவதற்காக வைக்கப்பெற்றது. ‘டிடி’ என்னும் கட்டளை, குறிப்பிட்ட தட்டின்மீது மறுவினா எழுப்பாமலே எழுதிவிடும். பெயர் இடம் மாறியிருப்பின் அழிவது மாணவரின் உழைப்பேயாகும்.

நிலையான அடையாளங்கள்

வரிசையை நிலைநிறுத்த முயல்வதினும், வரிசையைச் சாராத பெயரால் தட்டினை வழங்குவதே செவ்விய முறை. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. யூயூஐடி: ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை அமைக்கப்படும்பொழுது 128 பிட் கொண்ட தனி எண்ணொன்று அதனுள் பொறிக்கப்படுகின்றது. ‘பிளாக்ஐடி’ என்னும் கட்டளையால் இதனை அறியலாம். ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ‘எஸ்டிபி1’ என்பதற்கு மாறாக இவ்வெண்ணை எழுதினால், தட்டு எவ்வரிசையில் வரினும் தனக்குரிய இடத்திலேயே பொருந்தும்.

2. பெயர்ச்சீட்டு: பயன்படுத்துவோரே இடும் பெயர் இது. ஈஎக்ஸ்டி4 முறைமையில் இதற்கு 16 பைட்டுகளே உண்டு. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் பொதுவாக 3 பைட்டுகள் கொள்ளுமாதலால், தமிழ்ப் பெயர் 5 குறிகளுக்குள் அடங்குதல் வேண்டும்.

3. யூதேவ் விதி: 2003-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் முதலியோரால் உருவாக்கப்பெற்ற ‘யூதேவ்’, கருவியின் தொடர் எண்ணை நோக்கி, விரும்பிய மாற்றுப் பெயரொன்றை அதற்கு வழங்கும். தட்டினை முற்றிலும் அழித்துப் புதிதாக அமைத்தாலும் தொடர் எண் மாறாது, யூயூஐடியோ மாறிவிடும்.

கவனிக்க வேண்டியவை

ஒரு தட்டினை அப்படியே மற்றொன்றில் பிரதி செய்தால், யூயூஐடியும் உடன் பிரதியாகும். அவ்விரண்டையும் ஒருங்கே இணைக்க நேரின், தொடர் எண்ணையே நம்புதல் தகும்.

‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் குறித்த புறத்தட்டு இணைக்கப்படாதிருப்பின், சிஸ்டம்டி வழங்கும் கணிப்பொறிகள் இயல்பாக 90 விநாடி காத்திருந்து, பின்னர் அவசர நிலைக்குச் சென்று நின்றுவிடும். அவ்வரியில் ‘நோஃபெயில்’ என்னும் சொல்லைச் சேர்த்தால் இத்தடை நேராது.

எவ்வழியைக் கைக்கொள்ளினும், அழிக்கும் கட்டளை எதனையும் இடுமுன் ‘எல்எஸ்பிஎல்கே’ என்னும் கட்டளையால் தட்டின் கொள்ளளவையும் பெயர்ச்சீட்டையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. இச்சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். இழந்த ஓராண்டுப் பணியை மீட்பதோ பெரும்பாலும் இயலாது.