மூளையின் காவலரை எண்ணும் காந்தம்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுனிலோ வேறெந்தப் பகுதியிலோ, முதியவர் ஒருவர் பேரனின் பெயரை மறக்கத் தொடங்கினால், 'வயதானால் இப்படித்தான்' என வீட்டார் விட்டுவிடுவதுண்டு. ஆனால் அல்சைமர் நோயில், மறதி வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மூளையில் மாறுதல்கள் தொடங்கிவிடுகின்றன. அவற்றை முன்கூட்டியே அறிய வழியுண்டா?

அழுத்தம் தோன்றுவது எவ்வாறு?

உடல் எடையில் சுமார் 2 சதவீதமேயான மூளை, உடல் ஏற்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. அப்போது உண்டாகும் வினைவேகம் மிக்க சில பொருள்கள் உயிரணுக்களைத் தாக்குகின்றன. இவற்றைத் தற்காப்புப் பொருள்களால் சமாளிக்க இயலாத நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படும். தாக்கும் பொருள்களுட் பல நொடிப்பொழுதும் நிலைப்பதில்லை. உயிருள்ள மூளையில் அவற்றை நேரடியாக அளப்பது அரிது. எனவே அவற்றைத் தணிக்கும் குளூட்டதையோனை அளக்க முற்பட்டனர். கள்வன் கண்ணில் படாதபோது, காவலர் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என எண்ணுவது போன்றதே இது.

அளக்கும் முறை

எம்.ஆர்.ஐ. கருவியே இதற்கும் பயன்படுகிறது. காந்தப் புலத்தில் ஒவ்வொரு சேர்மத்தின் ஹைட்ரஜன் அணுக்களும் சற்றே வேறுபட்ட அலைவரிசையில் ஒலிக்கின்றன. குளூட்டதையோனின் மெல்லிய குறிப்பலை, கிரியாட்டினின் பெரிய அலையில் மறைந்துவிடும். ஆகவே இருமுறை அளக்கின்றனர். ஒருமுறை மட்டும் குளூட்டதையோனின் அலையை மாற்றவல்ல ரேடியோத் துடிப்பைச் செலுத்துகின்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிரியாட்டின் நீங்கி, குளூட்டதையோன் வெளிப்படும். இதற்கு எக்ஸ் கதிரோ ஊசி மருந்தோ தேவையில்லை.

ஹரியாணா மாநிலம் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் பிரவத் மண்டல் குழுவினர் இம்முறையைக் கையாண்டனர். அல்சைமர் நோயாளிகளிடமும், அதற்கு முந்தைய லேசான நினைவுக் குறைவு உடையோரிடமும், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் குளூட்டதையோன் குறைந்திருந்ததை 2015-இல் அறிவித்தனர்.

பயனும் எல்லையும்

ஆயினும் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது, அன்றாடப் பரிசோதனையாகவில்லை. குறைவைக் கண்டறிவது வேறு, குணப்படுத்துவது வேறு. லேசான நினைவுக் குறைவு உடையோருக்கு வைட்டமின் ஈ அளித்த பெரிய ஆய்வொன்றில், அது அல்சைமர் நோயைத் தடுக்கவில்லை என 2005-இல் தெரியவந்தது. எனவே விளம்பரங்களை நம்பி மாத்திரைகளை நாடுவதில் பொருளில்லை.

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் குறைபாடு போன்றவற்றால் வரும் மறதி சிகிச்சையால் சீராகக்கூடும். ஆதலால் மறதியை முதுமையின் விதியெனக் கருதாது, மருத்துவரிடம் காலத்தே காட்டுவதே குடும்பத்தார் இன்று செய்யத்தக்கது.